ஈரச் சாலையில் எத்தனை மீட்டரில் நிற்கும்? கார் டயர் வாங்குபவர்கள் கேட்க மறக்கும் கேள்வி

கார் டயர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி விலை. இரண்டாவது, ‘அண்ணே, இது எத்தனை கிலோமீட்டர் ஓடும்?’ மூன்றாவது, ‘ரெண்டு மட்டும் மாத்தினா போதும்ல?’ இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்ததும் வண்டிக்கு அடியில் ஜாக்கி போய்விடும். மழையில் பிரேக் அடித்தால் இந்த டயர் எவ்வளவு தூரத்தில் வண்டியை நிறுத்தும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. உயிரோடு நேரடித் தொடர்புள்ள கேள்வி அது ஒன்றுதான்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், சுமார் 25 கி.மீ. தொலைவில் இருக்கும் வாடிப்பட்டி போன்ற ஊரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 இந்த ஊரை ஒட்டித்தான் போகிறது. மதுரைக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள், வார இறுதியில் கொடைக்கானலுக்குக் கிளம்புகிறவர்கள், சென்னைக்கு விடிய விடிய ஓட்டுகிறவர்கள் என எல்லாருக்கும் இதுதான் வழி. அதே ஊரிலிருந்து சோழவந்தானுக்கும் அலங்காநல்லூருக்கும் போகும் சாலைகள் வேறு ரகம். பேரணையில் தொடங்கும் பெரியாறு பிரதானக் கால்வாயின் இருபோகப் பாசனப் பகுதி இது. வருடத்தில் இரண்டு முறை உழவும் அறுவடையும் நடக்கும். டிராக்டர் சக்கரம் வயலில் இருந்து அள்ளிவரும் சேறு, தார் ரோட்டில் காயும் நெல், பரப்பிய வைக்கோல் எல்லாவற்றையும் தாண்டித்தான் ஊர் வண்டிகள் போகின்றன. ஒரே கார், ஒரே நாளில், நாற்கரச் சாலையின் வேகத்தையும் கிராமத்துச் சாலையின் வழுக்கலையும் சந்திக்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது அந்த நாலு டயர்கள்தான்.

உள்ளங்கை அளவு ரப்பர்

சுமார் 1,000 கிலோ எடையுள்ள ஒரு சின்ன காரை எடுத்துக்கொள்வோம். ஒரு டயருக்குச் சராசரியாக 250 கிலோ. காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. என்றால், அது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.25 கிலோ. வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு சுமார் 110 சதுர செ.மீ. ஒரு பெரியவரின் உள்ளங்கை அளவு, அவ்வளவுதான். பிரேக், ஸ்டீயரிங், ஏ.பி.எஸ். என்று காரில் எத்தனை தொழில்நுட்பம் இருந்தாலும், எல்லாம் கடைசியில் இந்த நாலு உள்ளங்கை ரப்பர் வழியாகத்தான் ரோட்டைச் சென்றடைகிறது.

கார் வாங்கும்போது இன்று எல்லாரும் ‘எத்தனை ஸ்டார்?’ என்று கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் பாரத் என்கேப் வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் பரவலாகியிருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் மோதல் சோதனை சொல்வது, கார் மோதினால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதை. மோதுமா, அதற்கு முன்பே நிற்குமா என்பதைத் தீர்மானிப்பதில் டயருக்குப் பெரிய பங்கு உண்டு. ஏ.பி.எஸ். கூட புதிதாகப் பிடிமானத்தை உண்டாக்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு, இருக்கிற பிடிமானத்தைச் சரியாகப் பயன்படுத்தும். மொட்டை டயரில் பயன்படுத்த என்ன இருக்கிறது?

ஒரு சின்ன கணக்கு இதைத் தெளிவாக்கும். 80 கி.மீ. வேகத்தில் இரண்டு கார்கள் ஒரே இடத்தில் பிரேக் அடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் காருக்கு ஈரச் சாலையில் உராய்வுக் கெழு 0.7, இரண்டாவது காருக்குத் தேய்ந்த டயர், 0.4. முதல் கார் சுமார் 36 மீட்டரில் நிற்கும். இரண்டாவது கார் நிற்க 63 மீட்டர் தேவை. வித்தியாசம் 27 மீட்டர், கிட்டத்தட்ட ஏழு கார்களின் நீளம். அதைவிட முக்கியம் இது: முதல் கார் முழுதாக நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 52 கி.மீ. முன்னால் நிற்பது லாரியாக இருந்தாலும், ரோட்டைக் கடக்கும் ஆளாக இருந்தாலும், அந்த 52 கி.மீ. வேகத்தோடுதான் மோதல். ஓட்டுநர் சுதாரித்து பிரேக்கைத் தொடுவதற்குள் ஓடும் தூரம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

நொடிக்கு ஒரு குடம் தண்ணீர்

டயரில் இருக்கும் வரிகளையும் பட்டன்களையும் பலர் அழகுக்கு என்று நினைக்கிறார்கள். காய்ந்த ரோட்டில் அவை இல்லாமலேயே ரப்பர் நன்றாகப் பிடிக்கும். பந்தயக் கார்களின் டயர்கள் காய்ந்த தளத்தில் வழவழப்பாக இருப்பது அதனால்தான். வரிகளின் உண்மையான வேலை மழையில் தொடங்குகிறது. ரோட்டில் 3 மி.மீ. தண்ணீர் நிற்கிறது, டயரின் அகலம் 185 மி.மீ., வேகம் 80 கி.மீ. என்றால், ஒவ்வொரு டயரும் நொடிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். ஒரு நொடிக்கு ஒரு குடம். அந்தத் தண்ணீர் போக வழி இல்லாவிட்டால் டயர் அதன் மேல் ஏறிவிடும். கார் அப்போது ரோட்டில் ஓடவில்லை, தண்ணீரில் மிதக்கிறது. ஸ்டீயரிங் திடீரென லேசாகிவிடும். திருப்பினாலும் வண்டி கேட்காது. பிரேக்கும் வேலை செய்யாது.

இதில் காற்றழுத்தத்துக்கும் பங்கு உண்டு. 1960-களில் விமானச் சக்கரங்களுக்காக நாசா ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு சூத்திரம் இன்றும் பாடங்களில் உண்டு. வரிகள் வழியே தண்ணீர் வெளியேற முடியாத நிலையில், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது அதன் சாரம். அந்தக் கணக்கில் 32 பி.எஸ்.ஐ. டயர் சுமார் 94 கி.மீ. வேகத்தில் மிதக்கும். 24 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 82 கி.மீ. போதும். காருக்கு இது தோராயமான கணக்குதான். ஆனால் அது காட்டும் திசை சரி: தேய்ந்த டயரில் காத்தும் கம்மியாக இருந்தால், நாற்கரச் சாலையின் சாதாரண வேகமே ஆபத்தான வேகம்.

மதுரைச் சமவெளியில் பல மாதங்கள் மழை இருக்காது. அந்த நாட்களில் டயர் தேய்ந்திருப்பது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது; காய்ந்த ரோட்டில் எல்லா டயரும் நல்ல டயர் மாதிரிதான் நடந்துகொள்ளும். வெயில் காலம் முழுக்க ரோட்டில் படிந்த தூசியும் எண்ணெய்க் கசிவும் முதல் மழையில் கரைந்து வழுக்கலாகும். குறை தெரியவரும் நாளும் அதுதான், மிக மோசமான நாளும் அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, கார் டயரின் வரி ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. இதைப் பார்க்க அளவுகோல்கூட வேண்டாம். வரிகளுக்குள் ஆங்காங்கே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். டயரின் தோள் பகுதியில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ அவற்றின் இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால், டயர் முடிந்தது. புது கார் டயரில் வரி ஆழம் பெரும்பாலும் 7 முதல் 8 மி.மீ. வரை இருக்கும். 1.6 என்பது சட்டத்தின் கடைசிக் கோடு. ஈரச் சாலையில் பிடிமானம் அதற்கு வெகு முன்பே, 3 மி.மீ. அளவிலேயே நன்றாகக் குறையத் தொடங்கிவிடும். ‘இன்னும் 5,000 ஓடும்ணே’ என்று கடையில் சொல்வது வெயில் காலத்துக்கு உண்மையாக இருக்கலாம். ஐப்பசி மழைக்கு அது பொருந்தாது.

இரண்டாவது, தரச் சான்று. இந்தியாவில் விற்கப்படும் கார் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதற்கான தர எண் ஐ.எஸ். 15633. வெளிநாட்டு பிராண்ட் என்றாலும் இந்த முத்திரை இருக்க வேண்டும். மூன்றாவது, பலருக்குத் தெரியாத ஒன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூனில் வெளியிட்ட அறிவிப்பின்படி, டயர்கள் ஏ.ஐ.எஸ். 142 என்ற தரநிலைக்கு உட்பட வேண்டும். ஈரச் சாலைப் பிடிமானம், உருளும்போது ஏற்படும் இழுவை, சத்தம் ஆகிய மூன்றையும் அது சோதிக்கிறது. புதிய வடிவமைப்புகளுக்கு 2022 அக்டோபரிலிருந்தும், ஏற்கெனவே சந்தையில் இருந்தவற்றுக்கு 2023-லிருந்தும் இது நடைமுறைக்கு வந்தது.

ஆக, சோதனை நடக்கிறது. ஆனால் வாங்குகிறவர் கைக்கு வருவது ‘தேர்ச்சி’ என்ற ஒற்றைத் தகவல்தான். மதிப்பெண் தெரிவதில்லை. 35 வாங்கிப் பாஸ் ஆன டயரும் 95 வாங்கிய டயரும் கடை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் டயரோடு ஒட்டிவரும் லேபிளில் ஈரப் பிடிமானத்துக்கு ஏ முதல் இ வரை தனி கிரேடு இருக்கும். இந்தியாவில் எரிசக்திச் சிக்கன அமைப்பு டயருக்குத் தரும் நட்சத்திரம், எரிபொருள் எவ்வளவு மிச்சமாகும் என்பதற்கானது. இழுவையைக் குறைக்கும் ரப்பர் கலவையில் ஈரப் பிடிமானத்தையும் விடாமல் காப்பது செலவு பிடிக்கும் பொறியியல். அதனால் சிக்கன நட்சத்திரத்தை மட்டும் காட்டி, பிடிமான மதிப்பெண்ணைக் காட்டாமல் விடுவது பாதித் தகவல். சோதனை ஏற்கெனவே கட்டாயம் என்றால், அதன் முடிவை லேபிளில் அச்சிடுவதற்கு என்ன தடை? ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் ஸ்டார் பார்த்து வாங்கப் பழகிய ஊர் இது. டயருக்கும் பழகிவிடும்.

டயர் பக்கவாட்டில் எழுதியிருப்பது என்ன?

லேபிள் வரும்வரை, டயரின் பக்கவாட்டுச் சுவரைப் படிக்கத் தெரிந்திருந்தால் பாதி ஏமாற்றம் தவிரும். 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால்: அகலம் 185 மி.மீ.; பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம்; ஆர் என்பது ரேடியல்; 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. அதன் பொருள் 560 கிலோ. எச் என்பது 210 கி.மீ. வரைக்கான வேகக் குறி; டி என்றால் 190. கார் நிறுவனம் சொன்ன எடைக் குறியீட்டுக்கும் வேகக் குறிக்கும் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் எடைக் குறியீட்டை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்; பேட்டரியால் அந்த வண்டிகள் கனமானவை.

அடுத்தது வயது. டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். ஓடாமல் இருந்தாலும் ரப்பர் இறுகும். வெயிலில் நிற்கும் வண்டியில் இன்னும் சீக்கிரம் இறுகும். ‘பட்டன் அப்படியே இருக்குல்ல’ என்று ஏழெட்டு வருட டயரோடு நெடுஞ்சாலையில் ஏறுவது தப்புக் கணக்கு. ஐந்து வருடம் கடந்தால் ஆண்டுதோறும் பரிசோதனை, எந்த நிலையிலும் பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம் என்பது டயர் நிறுவனங்களே சொல்லும் பொதுவான அறிவுரை.

சில டயர்களில் அமெரிக்க முறைப்படி டிராக்‌ஷன் ஏஏ, ஏ, பி, சி என்றும் டெம்ப்ரேச்சர் ஏ, பி, சி என்றும் அச்சிட்டிருப்பார்கள். முதலாவது ஈரத் தளத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும் திறன். இரண்டாவது சூட்டைத் தாங்கும் திறன். லேபிள் இல்லாத சந்தையில், கடையில் நின்றபடியே ஒப்பிட இதாவது உதவும்.

‘அகலமான டயர் போட்டா கிரிப் அள்ளும்’ என்ற ஆசை இளைஞர்களிடம் உண்டு. காய்ந்த ரோட்டில் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தண்ணீர் நிற்கும் ரோட்டில் அகலம் கூடக் கூட டயர் சீக்கிரம் மிதக்கும். அளவை மாற்றுவதென்றால் கார் நிறுவனம் அனுமதித்த அளவுக்குள் மாற்ற வேண்டும். மொத்த விட்டம் மாறக் கூடாது. 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ.; 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ. ரிம் மாறினாலும் மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒன்றேதான். இந்தக் கணக்கு பொருந்தாவிட்டால் ஸ்பீடோமீட்டர் காட்டுவதே தவறாகிவிடும்.

‘காசுக்கு எங்க போறது?’

நியாயமான கேள்வி. நாலு டயரையும் ஒரே நேரத்தில் மாற்றுவது நடுத்தர வீட்டில் ஒரு மாத பட்ஜெட்டையே அசைக்கும். டாக்ஸி ஓட்டுகிறவருக்கு அது பல நாள் வருமானம். இங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, விலை வித்தியாசத்தைக் கிலோமீட்டரால் வகுத்துப் பார்ப்பது. நல்ல ஈரப் பிடிமானம் உள்ள டயருக்கு ஒன்றுக்கு 1,000 ரூபாய் அதிகம் என்று வைத்தால், நாலுக்கு 4,000. அவை 40,000 கி.மீ. ஓடினால், கி.மீ.க்கு 10 காசு. வாடிப்பட்டியிலிருந்து மதுரை போய்த் திரும்ப 5 ரூபாய். ஒரு டீக்கும் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அந்த மிச்சத்தை இன்னும் மலிவான டயர் தேடச் செலவிடுவதைவிட, ஒரு படி மேலான டயருக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, இரண்டு டயர் மட்டும்தான் இப்போது முடியும் என்றால், புது டயர் பின்னால் போக வேண்டும். பெரும்பாலான கடைகளில் ‘ஃப்ரன்ட் வீல் டிரைவ் வண்டி, முன்னாடி போடுங்க’ என்பார்கள். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போக முயலும். வேகத்தைக் குறைத்தால் ஓரளவு மீட்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரம் மாதிரி சுற்றிவிடும். சாதாரண ஓட்டுநரால் அதை மீட்பது கடினம். பின்னால் பிடிமானம் அதிகம் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

மூன்றாவது, செலவே இல்லாத ஒன்று: காற்று. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும் அளவு, டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு. ‘வெயில் காலம், காத்து கொஞ்சம் கம்மியா பிடிங்கண்ணே’ என்ற பழக்கம் இந்தப் பக்கம் நிறைய. இது தலைகீழ். காற்று குறைந்தால் பக்கவாட்டுச் சுவர் அதிகம் மடங்கி விரியும். அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டில்தான் டயர் வெடிக்கிறது. ஓடிச் சூடான டயரில் அளவு கூடிக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது. நைட்ரஜன் பிடித்தால் கவலை இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எதைப் பிடித்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும், ஸ்டெப்னியையும் சேர்த்து.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு: செகண்ட் ஹேண்ட் டயர். பட்டன் நன்றாகத் தெரியும். ஆனால் எந்தப் பள்ளத்தில் அடி வாங்கியது, காற்று இல்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது, உள்ளே எந்த இழை அறுந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. மொட்டை டயரில் கத்தி வைத்துப் புது வரி வெட்டிக் கொடுப்பது அதைவிட மோசம். கார் டயரில் அப்படி வெட்ட ரப்பரே மிச்சம் இல்லை.

விதியா, கவனக்குறைவா?

டயர் வெடித்து நடக்கும் விபத்துகளை ‘நேரம் சரியில்லை’ என்று முடித்துவிடுவது நம் வழக்கம். நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. 2010-ல் புனேயிலிருந்து மும்பை போன கார் ஒன்றின் டயர் வெடித்து உயிரிழப்பு நேர்ந்த வழக்கில், அது கடவுளின் செயல், இழப்பீடு தர வேண்டியதில்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட்டது. 2023-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டயர் வெடிப்பது மனிதக் கவனக்குறைவு என்றது. அதிவேகம், குறைந்த அல்லது மிகுந்த காற்றழுத்தம், பழைய டயர், சூடு எனக் காரணங்கள் பல உண்டு; பயணத்துக்கு முன் டயரின் நிலையைப் பார்ப்பது ஓட்டுநரின், உரிமையாளரின் கடமை என்றது.

இந்தப் பார்வை தமிழ்நாட்டுக்கு அவசரத் தேவை. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். எல்லாம் டயரால் நடந்தவை அல்ல. ஆனால் டயர் சரியாக இருந்திருந்தால் கடைசி நொடியில் தப்பியவை எத்தனை என்பதை எந்த முதல் தகவல் அறிக்கையும் சொல்லாது.

மகாராஷ்டிரத்தின் சம்ருத்தி விரைவுச் சாலையில், தொடர் விபத்துகளுக்குப் பிறகு 2023-ல் போக்குவரத்துத் துறை நுழைவாயில்களிலேயே டயர்களைப் பார்த்து, தேய்ந்த டயரோடு வந்த வண்டிகளைத் தடுத்தது. வாடிப்பட்டியைத் தாண்டி கொடைரோடு சுங்கச்சாவடியில் எல்லா வண்டியும் எப்படியும் வேகம் குறைத்துத்தான் போகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய இரண்டு வாரம் அங்கே ஒரு பரிசோதனை முகாம் போடுவதற்குப் பெரிய செலவில்லை. அபராதம் போடுவது முதல் நோக்கமாக இருக்க வேண்டியதில்லை. ஆழமானியை வைத்துக் காட்டி, ‘தம்பி, 2 மி.மீ.தான் இருக்கு, மழைக்கு முன்னாடி மாத்திருங்க’ என்று சொன்னாலே பலர் மாற்றுவார்கள்.

டயருக்கு மதுரை புதிய ஊர் இல்லை. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் இருசக்கர வாகன டயர் ஆலை இயங்குகிறது. அதற்கும் வெகு முன்பு, டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் ஓட்டிய காலத்தில், மாட்டு வண்டிகளிலிருந்து விழுந்த ஆணிகளைக் காந்தம் கட்டிய வண்டியால் பொறுக்கிவிட்டுத்தான் பஸ்ஸை விடுவார் என்று இன்றும் சொல்வார்கள். பயணிகளை ஏற்றுவதற்கு முன் டயரைப் பற்றி யோசித்த ஊர் இது. இந்த மழைக்காலத்துக்கு முன் ஐந்து நிமிடம் குனிந்து தன் வண்டியின் நாலு டயரையும் பார்ப்பது, அந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய வேலையாக இருக்க முடியாது.